அந்த வாரம் பதினோரு சாவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் அத்தை சாகவில்லை. அறுபத்தாறு வயதில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள். மூன்று மாடி ஏறி வந்து எங்களைத் திட்டிவிட்டு, மூச்சு வாங்காமல் இறங்கிப் போகிறாள். ஆனால் நானும் அக்காவும் வேலை பார்த்த கோழிக்கறித் தொழிற்சாலையின் விடுப்புக் கோப்பில் அவள் நான்கு முறை செத்திருக்கிறாள். மூன்று முறை அவளைக் கொன்றது அக்கா. நாலாவது முறை கொன்றது நான், என் கையெழுத்தில். அந்த நாலாவது சாவுதான் அக்காவை வீட்டோடு உட்காரவைத்தது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா அந்தக் கம்பெனியில் பதினாறு வருடம் கத்தி பிடித்தவள். இறகு பிடுங்கி, குடல் எடுத்த கோழிகள் தலைக்கு மேலே ஓடும் சங்கிலியில் தொங்கிக்கொண்டு வரும். வெட்டு மேசைக்கு வந்ததும் தொடையை எடுத்து எலும்பை உருவ வேண்டும். மற்றவர்கள் ஆறு வெட்டில் செய்வதை அக்கா நாலு வெட்டில் முடிப்பாள். எலும்பில் ஒரு நார் ஒட்டியிருக்காது. யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் பக்கத்துத் தட்டில் கறி ஒட்டிய எலும்பைப் பார்த்துவிட்டால், "யாரு வெட்டினது இது? வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிடுவாள். மாமா, அதாவது அவள் புருஷன், பேருந்து ஓட்டுகிறவர், தலையில் அடித்துக்கொள்வார்.

எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். கத்தியைக் கையில் கொடுத்துப் பார்த்தாள். இரண்டாம் நாளே பிடுங்கிக்கொண்டு, "உனக்கு வாய் மட்டும்தான் கூர்மை, போய்ப் பெட்டி கட்டு" என்று பேக்கிங் பகுதிக்கு அனுப்பிவிட்டாள்.

அந்தக் கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எப்போதும் ஈரம், எப்போதும் குளிர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலைக்கு வலை, இடது கைக்குக் கம்பி வலைக் கையுறை. முகமூடி உண்டு. ஆனால் மேலேயிருந்து சொட்டும் தண்ணீரில் அரை மணி நேரத்தில் அது நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும், மூச்சு முட்டும். எல்லாரும் அதைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் வெட்டுவார்கள். கூடத்து மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சங்கிலி. "சங்கிலி நிக்கக் கூடாது" என்பதைத் தவிர அந்த ஆள் வாயிலிருந்து வேறு வாக்கியம் வந்து யாரும் கேட்டதில்லை.

இனி அந்த விதி. வயிற்றுப்போக்கு வந்தவர்கள் கறியைத் தொடக் கூடாது, உடனே சொல்லிவிட வேண்டும். சரியான விதிதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொன்னவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு முறை மலம் பரிசோதித்துச் சுத்தம் என்று வரும்வரை, பத்து நாளோ பதினைந்து நாளோ, சம்பளம் கிடையாது. அதே சமயம் நெருங்கிய உறவில் யாராவது இறந்தால் நான்கு நாள் சம்பளத்தோடு விடுப்பு. யார் எழுதி வைத்தானோ, எங்கள் கம்பெனியில் பேதியைவிடச் சாவுக்கு மரியாதை அதிகம். ஆகவே வயிறு கலங்கினால் ஆளாளுக்கு ஒரு உறவினரைக் கொன்றார்கள். அலுவலக ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் மீசைக்காரக் கிளார்க்குக்கு எல்லாம் தெரியும். படிவத்தை நீட்டும்போதே, "எத்தனை நாள் சாவும்மா?" என்று சிரிக்காமல் கேட்பார். சிலர் ஜன்னலில் நின்றபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிவார்கள். "சித்தப்பா ரொம்ப அவசரமா போயிட்டார் போல" என்பார். நாங்களும் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

போன வருடம் ஒரு வாரம், குடல் எடுக்கும் இயந்திரத்தின் கொக்கி கோணிக்கொண்டது. குடலை முழுதாக இழுக்காமல் கிழித்தது. கிழிந்த குடலிலிருந்து வழிந்ததெல்லாம் கறியின் மேல். அக்காதான் முதலில் கத்தினாள்.

"சார், மெஷினை நிறுத்துங்க! எல்லாம் பீயா வருது!"

"சங்கிலி நிக்கக் கூடாதும்மா. நாளைக்குக் காலைல லாரி வருது."

"அப்போ இதை என்ன செய்யறது?"

"தண்ணி அடிச்சு விடச் சொல்றேன்."

சொன்னபடியே செய்தார். ஒரு ஆளைக் குழாயோடு நிறுத்தி, ஓடுகிற கோழிகள் மேல் பீய்ச்சி அடிக்க வைத்தார். கறி கழுவப்பட்டதோ என்னவோ, அதில் இருந்தது முழுக்கத் தூறலாகக் கிளம்பி வெட்டு மேசையில் நின்றவர்கள் முகத்தில் விழுந்தது. மூன்று நாள் அப்படியே ஓடியது. நாலாம் நாள் ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள்.

அக்காவுக்குக் காய்ச்சல், வயிற்றைப் பிசையும் வலி, இரத்தத்தோடு பேதி. நாள் முழுக்கக் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்தாள். மாமா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தா கம்பெனிக்குத் தெரிஞ்சிடும். எல்லாம் தானா நிக்கும்" என்று சொல்லிவிட்டாள். கழிவறைக் கதவுக்கு உள்ளேயிருந்து என்னிடம் கத்தினாள்.

"படிவத்தை நீயே எழுதிக் குடுத்திடுடி! அத்தைன்னு போடு!"

"அத்தை ஏற்கெனவே மூணு தடவை போயாச்சுக்கா."

"மீசை எண்ணிக்கிட்டா இருக்கப் போறார்? போடு!"

போட்டேன். 'அத்தை காலமானதால்' என்று அழகாக எழுதி, அக்காவுக்காக நான் என்று கையெழுத்தும் வைத்தேன். அன்று மாலை அத்தைக்கு ஃபோன் செய்து சொன்னபோது, "இந்தத் தடவை எதுலடி செத்தேன்? போன தடவை மாரடைப்பு, இப்பவாவது கௌரவமா ஏதாவது போட்டியா?" என்று கேட்டாள். அந்த வாரம் மட்டும் வெட்டு மேசையில் பதினோரு பேர் வீட்டில் சாவு.

ஐந்தாம் நாள் அக்கா எழுந்து வேலைக்குப் போனாள். முகம் மட்டும் வற்றியிருந்தது. அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அடுத்த மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, அவளுடைய வலது முழங்கால் பூட்ஸுக்குள் நுழையவில்லை. பூசணிக்காய் மாதிரி வீங்கி, தொட்டால் சுட்டது. பிறகு குதிகால் வலித்தது. பிறகு இடது கண் சிவந்து, விளக்கைப் பார்க்க முடியாமல் போனது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். கம்பெனி மருத்துவர், "நின்னு நின்னு வந்த வலி" என்று முட்டிக்குக் கட்டுப் போட்டார். கண் மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்தார். இன்னொருவர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். முட்டிக்கு ஒருத்தர், கண்ணுக்கு ஒருத்தர், மூத்திரத்துக்கு ஒருத்தர். அக்காகூட ஒரு கோழியை அத்தனை சுத்தமாகப் பிரித்ததில்லை.

இரண்டாம் மாதம் கம்பெனியே ஒரு எலும்பு டாக்டரிடம் அனுப்பியது. துணைக்குக் கம்பெனியின் தொழிலாளர் நலன் அலுவலர் மேடம் வந்தாள். துணை என்ன துணை, என்ன பேசுகிறோம் என்று காது கொடுக்க வந்தவள். நானும் போயிருந்தேன். அந்த டாக்டர் விவரமானவர். முட்டியை அமுக்கிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இது வர்றதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி, வயித்துப்போக்கு ஏதாவது இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நலன் மேடம் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அக்கா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர்."

"காய்ச்சல்?"

"இல்ல."

நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் 'மூட்டுத் தேய்மானம்' என்று எழுதினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சரியான கேள்வியைக் கேட்டார், நாங்கள் பொய்யான பதிலைக் கொடுத்தோம். முப்பத்தெட்டு வயதுக்காரிக்குத் தேய்மானம்! அதையும் வாங்கி மடித்துக்கொண்டு வந்தோம்.

ஏழு மாதம் வலி மாத்திரையில் ஓடியது. ஒரு முட்டி இரண்டானது. காலையில் படுக்கையிலிருந்து எழவே ஒரு மணி நேரம் பிடித்தது. இடுப்பு கட்டைபோல இறுகிக் கிடக்கும். மாமா அவளைச் சுவரோரம் உட்காரவைத்துக் காலை மெல்ல நீட்டி மடக்கி விடுவார், பிறகுதான் பேருந்தை எடுக்கப் போவார். அக்காவின் பத்து வயது மகள் அம்மாவுக்குச் செருப்பு மாட்டிவிடக் கற்றுக்கொண்டாள். ஆறு மாதத்துக்கு மேல் நிற்கிற வேலை செய்ய முடியாதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று கம்பெனி விதி. அந்தக் கெடுவைத் தாண்டி ஒரு மாதம் ஆனபோது அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே மூட்டு நோய்க்கென்று தனியாக ஒரு டாக்டரம்மா. தூக்கமில்லாத முகம், மேசையில் ஆறிப்போன டீ. அவரும் அதே கேள்வியைக் கேட்டார். அக்கா பழக்கதோஷத்தில் "இல்ல" என்றாள். மாமாவுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு குரல் வந்ததோ.

"இருந்துச்சு டாக்டர்! நாலு நாள், ரத்தமா போச்சு! இவ சொல்ல மாட்டா. இவளுக்குக் கம்பெனி போட்ட வாய்ப்பூட்டு!"

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். கோழி வேலை என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

"கோழிக் குடல்ல இருக்கிற ஒரு கிருமியாத்தான் இருக்கணும். இவ்வளவு நாள் கழிச்சு அதைத் தேடிப் பிடிக்க முடியாது, ஆனா கதை அப்படியே பொருந்துது. வயித்துல வந்த கிருமி எப்பவோ செத்துப் போச்சும்மா. அதை அடிக்கக் கிளம்பின உங்க எதிர்ப்புச் சக்திதான் நிறுத்தவே இல்ல. இப்போ உங்க மூட்டையும் கண்ணையும் அடிச்சுக்கிட்டு இருக்கு."

"போன திருடனுக்காக வீட்டை உடைக்குதா?" என்று கேட்டாள் அக்கா.

"அப்படித்தான்."

"பதினோரு பேருக்கு வந்துச்சே டாக்டர். எனக்கு மட்டும் ஏன்?"

"நிறையப் பேருக்கு வயித்தோட போயிரும். சிலருக்குத்தான் மூட்டுக்கு வரும். அதுலயும் முக்கால்வாசிப் பேருக்குச் சில மாசத்துல சரியாயிரும். கொஞ்சம் பேருக்குத் தங்கிடும். சில குடும்பங்கள்ல அதுக்கு ஒரு வாகு இருக்கு, ரத்தத்துல பாத்தா தெரியும்." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "கூடப் பிறந்தவங்களா? நீங்களும் கவனமா இருங்க."

மாமா, முன்னாலேயே வந்திருந்தால் குணமாகியிருக்குமா என்று கேட்டார். டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஏழு மாதம் வெறும் வலி மாத்திரையில் மூட்டை எரியவிட்டிருக்க வேண்டியதில்லை, கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார். அக்காவின் இடது கண்ணில் ஒரு மங்கல் நிரந்தரமாக விழுந்துவிட்டிருந்தது.

புது மருந்தில் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஆனால் ஒன்பது மணி நேரம் நிற்கிற வேலை இனி முடியாது. கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை இருக்கிறது: பெட்டிகளில் ஒட்டிய முத்திரை சரியா என்று பார்க்கிற வேலை. வேலையால் நோய் வந்தவர்களுக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும். வேறு காரணத்தால் வந்தால் கைகழுவி விடலாம். டாக்டரம்மா கடிதம் கொடுத்தார். அந்த வாரம் வேறு யாருக்கெல்லாம் பேதி வந்தது என்று கம்பெனியிடம் கேட்கும்படி அதில் எழுதியிருந்தார்.

அந்தப் பத்துப் பேரையும் அக்கா தேடிப் போனாள். கம்பு ஊன்றி, மாடி மாடியாக ஏறினாள். எல்லாரும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள், எல்லாரும் கண் கலங்கினார்கள், சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. பொய்யாக விடுப்பு எடுத்தால் வேலை போகும் என்று அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒட்டியிருந்தார்கள். அக்கா யாரையும் திட்டவில்லை.

"பரவால்லடி. நீ ஒருத்தி போதும். உன் கையெழுத்துதானே அது?" என்றாள்.

"நான் சொல்றேன்க்கா" என்றேன். சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன்.

விசாரணை ஒரு நீள மேசையில் நடந்தது. மனிதவள அதிகாரி நடுவில், சங்கிலி ஒரு பக்கம், நலன் மேடம் ஒரு பக்கம். மீசைக் கிளார்க் கோப்போடு மூலையில். அதிகாரி மிக மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதைதான் எனக்குக் குமட்டியது.

"எங்க பதிவேட்டுல அந்த வாரம் ஒருத்தருக்குக்கூட உடம்பு சரியில்லாமப் போகலைம்மா."

"ஆனா பதினோரு சாவு விழுந்திருக்கே சார்" என்றாள் அக்கா. "ஒரே மேசை, ஒரே வாரம், பதினோரு சாவு. ஊர்ல கொள்ளை நோயா வந்துச்சு? உங்களுக்கு ஒரு சந்தேகமும் வரலையா?"

"துக்கத்தை நாங்க எப்படிம்மா சந்தேகப்பட முடியும்?"

மீசை குனிந்துகொண்டார். சங்கிலி, இயந்திரம் அந்த வாரம் நன்றாகத்தான் ஓடியது, பழுது என்று ஒரு பதிவும் இல்லை என்றார். நிறுத்தினால்தானே பதிவு! அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். கொக்கி கோணியது, குழாய்த் தண்ணீர், பேதி, அத்தை, எல்லாம். அதிகாரி கடைசியாக என் பக்கம் படிவத்தைத் தள்ளினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

"இதுல உங்க அத்தை இறந்துட்டாங்கன்னு இருக்கு. உண்மையா, பொய்யா? பொய்னா எழுதினவங்களும் பொறுப்பு. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். என் ஒரு சம்பளமும் போனால் மாமாவின் சம்பளத்தில் நாலு பேர், மாதம் முழுக்க அக்காவுக்கு மாத்திரை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். இதெல்லாம் அப்போது யோசித்ததாக இப்போது நானே எனக்குச் சொல்லிக்கொள்கிற சப்பைக்கட்டு. பயந்தேன், அவ்வளவுதான்.

"இறந்துட்டாங்க சார்."

அறையில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, அக்கா மட்டும் பார்த்தாள். பிறகு கம்பை எடுத்து ஊன்றி, எழ முடியாமல் எழுந்து, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். கதவைத் திறந்து பிடித்தவர் மீசைதான். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது: நோய்க்கும் வேலைக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. பதினாறு வருட சேவைக்கு நன்றி. அவள் தீட்டித் தீட்டி வைத்திருந்த கத்தியைக்கூடக் கம்பெனிச் சொத்து என்று தரவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த விசாரணையால் கம்பெனி திருந்தாமல் இல்லை. திருந்தியது. இனிமேல் துக்க விடுப்புக்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று உத்தரவு போட்டது. நோயை மறைக்க இருந்த ஒரே ஓட்டையையும் அடைத்துவிட்டு, நோயை அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது வயிறு கலங்கினால் ஆட்கள் பேதியை நிறுத்தும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கறி வெட்டுகிறார்கள். அதைத்தான் எல்லாரும் சாப்பிடுகிறீர்கள்.

இந்த மாதம் தொடக்கத்தில் என்னை வெட்டு மேசைக்கு மாற்றினார்கள், ஆள் பற்றவில்லை என்று. பத்தாம் நாள் எனக்குக் காய்ச்சல், வயிற்றில் கத்தி சுழல்வது போல் வலி. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சங்கிலி பின்னாலிருந்து கத்தினார், கை ஏன் நிற்கிறது என்று. எனக்குள் என்னவோ பிய்த்துக்கொண்டது. கத்தியை மேசையில் வீசினேன்.

"எனக்குப் பேதி சார்! பேதி! ரத்தமா போகுது! இங்க வெட்டுன கோழியிலிருந்து வந்தது! எங்கக்காவுக்கு வந்த அதே பேதி! எழுதிக்கோங்க, இன்னைக்காவது எழுதிக்கோங்க!"

சங்கிலி அப்போதும் நிற்கவில்லை. கோழிகள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தன. ஆனால் அலுவலக ஜன்னலில் மீசை எழுதினார். என் கண் முன்னால், அந்தக் கம்பெனியில் முதல்முறையாக 'வயிற்றுப்போக்கு' என்று எழுதி முத்திரை குத்தினார். சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கோழிக் கிருமிதான் என்று ரிப்போர்ட்டில் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஏதோ சாதித்துவிட்டவள் போல மூன்று மாடி ஏறினேன். அக்கா ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். கூடத்தில் எப்படிக் கத்தினேன் என்பதை இரண்டு முறை சொன்னேன்.

அவள் ரிப்போர்ட்டை நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து முழுக்கப் படித்தாள். மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"சாவுச் சான்றிதழ் கேக்கலைன்னா கத்தியிருப்பியாடி?"

நான் ரிப்போர்ட்டை இன்னும் சின்னதாக மடித்தேன்.

"அன்னைக்கு அவ்வளவு சத்தம்கூட வேணாம். 'பொய் சார்'னு ஒரு வார்த்தை. மெதுவா சொல்லியிருந்தாக்கூடப் போதும்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். கோபமே இல்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கலக்கி, சுவரைப் பிடித்தபடி எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

பேதி தொடங்கி இன்று பதினேழாம் நாள். வயிறு எப்போதோ சரியாகிவிட்டது. காலையில் கண் விழித்ததும் போர்வைக்குள் கையை விட்டு முழங்காலைத் தொட்டுப் பார்க்கிறேன். அடுத்த அறையில் மாமா அக்காவின் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பார். வலியில் அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்கும். அதற்கு நடுவே அங்கிருந்தே கேட்பாள்.

"வீங்கியிருக்கா?"

"இல்லக்கா."

அதைத் தவிர அவள் என்னிடம் வேறு எதுவும் பேசுவதில்லை.